கரை கிடைத்தது, கடல் எப்போது கிடைக்கும்?

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றிலே, பொழுது புலருமுன் மயிலிட்டித் துறையில் நின்றேன். வாடைக்காற்று ஓய்ந்து கடல் குளம்போற் கிடந்தது. தொழிலுக்கு இதனினும் நல்ல நாள் வாய்க்குமோ என எண்ணினேன். ஆயினும் நான் எதிர்பார்த்த ஆரவாரம் அங்கே இல்லை. மீன் கூறும் குரல் கேட்கவில்லை. கூடையுடன் காத்திருந்த பெண்கள் நாலைந்து பேரே. படகுகளிற் பெரும்பாலானவை கரையிலே கட்டிக்கிடந்தன; வலைகள் நனையாமல் இருந்தன.

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் காரணம் வினவினேன். அவர் தலை நிமிராமலே, "நேற்றுப் புதன்கிழமை அல்லவா, தம்பி?" என்றார்.

வடபுலத்து மீனவரின் அவலம் முழுவதும் அந்த ஒரு வினாவில் அடங்கிக் கிடக்கின்றது. பாக்கு நீரிணையின் மறுகரையிலிருந்து இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களிற் புறப்படுகின்றன. அந்த இரவுகளிலே கடலில் வலை விட்டவனுக்கு விடியும்போது வலை மிஞ்சுவது நிச்சயமன்று. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழில் செய்த பரம்பரை, இன்று அயலாரின் கிழமைக் கணக்கைப் பார்த்துத் தொழில் செய்கின்றது!

வலையும் மடியும்

எம் மீனவர் இடும் வலை கடலிலே திரைபோல் தொங்குவது. அதன் கண்ணுக்கேற்ற மீன் செவுளிற் சிக்கும். குஞ்சு தப்பிப் போகும். நாளைக்கும் கடலில் மீன் இருக்கவேண்டும் என்னும் அறம் அந்த வலைக்கண்ணிலேயே பின்னப்பட்டிருக்கின்றது. இழுவைமடியோ அவ்வாறன்று. பாரமான பலகைகள் இரண்டு அதன் வாயை அகல விரிக்க, அடிக்கயிறு கடலின் தரையைச் சுரண்டிக்கொண்டு போகின்றது. இறாலுக்கென்று இழுக்கப்படும் மடியில் குஞ்சும் முட்டையும் பாசியும் எல்லாம் வந்து சேர்கின்றன. வழியிற் கிடக்கும் ஏழையின் வலையும் அறுந்து போகின்றது. அந்த வலையோடு போவது நூல் மட்டுமா? அடைவு வைத்த தாலிக்கொடியும் வட்டிக்கு வாங்கிய காசும் அதனோடு போகின்றன.

மயிலிட்டி மக்கள் துன்பத்துக்குப் புதியவர்களல்லர். 1990 யூனில் உடுத்த உடையோடு ஊரை விட்டு ஓடியவர்கள் அவர்கள். வடக்கிலே பெயர்பெற்ற அத்துறைமுகம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. 27 ஆண்டுகள் முகாம்களிலும் பிறர் வளவுகளிலும் காலங் கழித்தார்கள். 2017 யூலை 3ஆந் திகதி துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. 2019 ஓகஸ்டில் துறைமுகத்தின் புனரமைப்பில் முதற்கட்டம் நிறைவெய்தித் திறந்துவைக்கப்பட்டது. மாலைகள் விழுந்தன, உரைகள் முழங்கின. முதியவர் அதனை நினைந்து சொன்னார்: "கரையைத் தந்தார்கள், தம்பி. கடலை எப்போது தருவார்கள்?"

மௌனம் ஏன்?

இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் சென்னையிலும் மட்டும் இல்லை, எம்மிடையேயும் இருக்கின்றார்கள். நிலம் பறிபோனபோது குரல் எழுப்பிய எம் தலைவர்களிற் பலர், கடல் பறிபோகும்போது வாயடைத்து நிற்பது ஏன்? வருபவர்களும் தமிழர்கள் என்பதாலா? உறவு பெரிதுதான். ஆனால், உறவின் பெயரால் ஒருவன் உலையை மற்றவன் கவிழ்ப்பதைப் பொறுக்கும்படி எந்த உறவு சொல்லும்?

கச்சதீவை மீட்டால் எல்லாம் தீரும் என்று மறுகரையிற் பேசுகின்றார்கள். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் பற்றி எவரும் வாதிக்கலாம். ஆனால், மயிலிட்டிக்கும் முல்லைத்தீவுக்கும் முன்னே மடி இழுப்பதற்கும் அச்சிறு தீவுக்கும் என்ன தொடர்பு? சிக்கல் தீவில் இல்லை, மடியில் இருக்கின்றது.

தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம், கரையை அண்டிய கடலில் இழுவைப் படகுகள் தொழில் செய்தலாகாது என்கின்றது. நாட்டுப்படகு மீனவனைக் காப்பதற்கே அந்த விதி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை அவை கடலிறங்கவும் தடையுண்டு. அந்த இரு மாதங்களிலேதான் எம் மீனவனும் அச்சமின்றி வலை விடுகின்றான்! இராமேசுவரத்து நாட்டுப்படகுக்கு நியாயமானது மயிலிட்டிப் படகுக்கு நியாயமில்லையா?

இன்னொன்றையும் மறைத்தல் கூடாது. இழுவைப் படகில் வருபவன் பெரும்பாலும் கூலிக்கு உழைக்கும் ஏழை. முதலாளி கரையிலே இருக்கின்றான். அந்த ஏழையின் மார்பிலே குண்டு பாய்வது நீதியன்று. அதனை நாம் என்றும் ஏற்கோம். எம்மிடையிலும் இழுவைத் தொழில் செய்வோர் உளர். 2017ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் அடிமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் அது முற்றாக ஒழியவில்லை. நம் வீட்டுக் குப்பையை அகற்றாமல் அயலாரிடம் நியாயம் கேட்டல் அழகாகுமா?

செய்யவேண்டியது

2010 ஓகஸ்டில் இரு கரை மீனவரும் நேரிற் சந்தித்தனர். ஓராண்டுக்குள் இழுவைத் தொழிலைக் கைவிடத் தமிழ்நாட்டு மீனவர் இணங்கினர். உழைப்பவன் உழைப்பவனோடு பேசியபோது உடன்பாடு பிறந்தது. அரசுகள் அதற்கு உயிர் கொடுக்கவில்லை. 2017இல் இந்திய அரசு 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றத் திட்டமிட்டது. அதிலும் சிறு பங்கே நிறைவேறியது.

ஆகவே, எம் பிரதிநிதிகள் சென்னைக்குச் செல்லட்டும். அடிமடித் தொழிலை நிறுத்துங்கள் என்று தெளிந்த தமிழிற் சொல்லட்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் எம்மவர்க்கும் பிறர்க்கும் ஒருபடித்தாய் நிறைவேற்றப்படட்டும். தொழில் மாறுவோர்க்கு அரசு கைகொடுக்கட்டும். அறுந்த வலைகளுக்கு ஈடு கிடைக்கட்டும். மீனவரின் பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கட்டும். அம்மேசையிலே மீனவனுக்கே முதலிடம் இருக்கட்டும்.

தேர்தற் காலத்தில் மட்டுங் கடற்கரைக்கு வருவோர்க்கு ஒரு வேண்டுகோள்: மறுமுறை வரும்போது, வியாழக்கிழமை விடியற்காலையில் வாருங்கள். நனையாத வலைகளைப் பார்த்துவிட்டு, அதன்பின் மேடையேறிப் பேசுங்கள்.