குருதிக்கு விலை கப்பலோ?

ஒரு நாட்டின் குடிமகன் அயல்மண்ணிற் கொலையுண்டால், அவன்பொருட்டு முறைகேட்கும் கடமை யாருடையது? அவன் நாட்டு அரசினுடையதே! வரி தண்டவும் ஆணை பிறப்பிக்கவும் உரிமை கொண்டாடும் அரசு, குடிமகன் உயிருக்கு மட்டும் பொறுப்பேலாதெனின், அஃது அரசன்று, வெறுங்கடை!

இத்தாலியைப் பாருங்கள். சூலியோ இரெசேனி, 28 அகவை இளைஞர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். எகிப்தின் தன்னுரிமைத் தொழிற்சங்கங்களை ஆராயக் கெய்ரோ சென்றவர், 2016 சனவரி 25ஆம் நாள் காணாமற் போனார். பெப்பிரவரி 3ஆம் நாள், அவருடைய சிதைந்த உடலம் நெடுஞ்சாலை ஓரத்தே கிடந்தது. பெற்ற தாயே மூக்கின் நுனியைக் கொண்டுதான் மகனை அடையாளங் கண்டார் எனின், அக்கொடுமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எகிப்து என்ன சொல்லிற்று? முதலில் ஊர்தி மோதியது என்றது. பின்னர்க் கொள்ளைக் கூட்டத்தின் செயல் என்று கூறி ஐவரைச் சுட்டு வீழ்த்திற்று. இரெசேனியின் கடவுச்சீட்டு அவர்களைச் சார்ந்த வீட்டிற் கிடைத்தது என்றது. செத்தவர் வாய் திறவார் அல்லரோ!

2016 ஏப்பிரலில் இத்தாலி தன் தூதரைத் திரும்ப அழைத்தது. நன்றே செய்தது! ஆயின் எத்தனை நாளைக்கு? 2017 ஆகத்தில் தூதரை மீண்டும் அனுப்ப முடிவாயிற்று. இத்தாலிய எனி குழுமம் எகிப்துக் கடலிற் கண்ட சோர் எரிவளி வயல் அவ்வாண்டின் இறுதியிற் பயன்தரத் தொடங்கிற்று. 2020 திசம்பரில் உரோமை அரசு வழக்குரைஞர்கள் எகிப்தியப் பாதுகாப்புத் துறையினர் நால்வரைக் குற்றவாளிகளெனச் சுட்டினர். அதே திங்களில் இத்தாலி தன் போர்க்கப்பலை எகிப்துக்கு ஒப்படைத்தது! மறு ஆண்டில் இன்னொன்று!

2021 அக்டோபரில் தொடங்கிய வழக்கு அன்றே நின்றது. நால்வர்க்கும் அழைப்பாணை சேர்ந்ததற்குச் சான்றில்லை. அவர்தம் முகவரியை எகிப்து தரவில்லை. மறைத்தவனுக்கு மறைப்பே அரணாயிற்று! 2023இல் இத்தாலிய அரசியலமைப்பு அறமன்றம் அத்தடையை உடைத்தது. 2024 பெப்பிரவரியில் வழக்கு மீண்டும் எழுந்தது. இது தூதர் ஈட்டிய வெற்றியன்று. சோராது நின்ற பெற்றோரும், உண்மை வேண்டுமென மஞ்சள் துணியில் எழுதி ஊர்தோறும் தொங்கவிட்ட மக்களும் ஈட்டியது.

"உறவை முறித்தால் உண்மை வருமோ?" என வினவும் அறிவாளர் உளர். உறவைப் பேணியதால் வந்ததோ? நான்கு முகவரியேனும் வந்தனவோ?

புகாரிற் பிறந்த கோவலன் பாண்டிநாட்டிற் பழிசுமந்து கொலையுண்டபோது, சோழன் தூது விடுக்கவில்லை. ஒருத்தி தனித்து நின்று முறை கேட்டாள். பிழையுணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான். அந்நாணம் இற்றை ஆள்வோரிடம் இல்லை. நாணாத அரசுக்குக் கண்ணீர் உறைக்காது; இழப்புத்தான் உறைக்கும்.

கொலைக்கு முறை கிடைக்கும்வரை கப்பலும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை! இவ்வொரு சொல்லைச் சொல்ல மாட்டாத தூதர் தூதரல்லர். ஓலை சுமக்கும் கூலியரே!