ஆமென் என்ற பின் சுவர் ஏது?

நற்கருணை என்பது 'எனக்கும் இயேசுவுக்கும் மட்டுமே' உரிய உறவு என்கிறோம். புனித பவுல் அவ்வாறு எண்ணவில்லை. கொரிந்துத் திருச்சபையில் சிலர் உண்டு குடித்திருக்க, இல்லாதோர் பசித்திருந்தனர். அதை ஆண்டவரின் விருந்தாகவே அவர் ஏற்க மறுத்தார்.

வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆயினும், நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் அச்சுவர் இன்னும் நிற்கிறது. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோரை மண்ணிலே பிரிக்க நாம் யார்?

'கிறிஸ்துவின் உடல்' என்று குரு கூறுகையில் நாம் சொல்லும் 'ஆமென்', வரிசையில் நமக்குப் பின்னே நிற்கும் சகோதரனையும் ஏற்றுக்கொள்ளும் வாக்குறுதி ஆகும். அவனைத் தள்ளிவைத்துவிட்டு நற்கருணைக்கு நாவை நீட்டுவது பக்தியன்று. பீடத்தின் முன்னே சொல்லும் பொய்ச்சாட்சி.