பழைய நெல்விதை பேணுவோர் கூட்டம்

வயலின் ஒரு மூலையில் ஐந்து சென்ட் நிலத்தை ஒதுக்கி, ஆளுயரம் வளர்ந்து சாய்ந்துவிடும் பழைய நெல்லொன்றை ஆண்டுதோறும் விடாது பயிரிடுவோர் சில கிராமங்களில் இன்றும் உளர். அண்டை நிலத்தார் அதனை வீண் பொழுதுபோக்கென்று நகைப்பது வழக்கம். கண்டுமுதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அந்நகைப்பில் நியாயமுண்டு. ஆயினும் இத்தகையோர் பலர் ஒருவரையொருவர் அறிந்து, விதையையும் அனுபவத்தையும் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின், அப்பொழுதுபோக்கு ஊருக்கே பிரயோஜனமாகின்றது.

தனித்திருப்பவரின் முயற்சி எளிதில் அழியத்தக்கது. சாதாரணக் குதிரில் வைத்த நெல்விதை இரண்டொரு வருஷங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடுமாதலால், அடிக்கடி விதைத்துப் புதுப்பித்தாக வேண்டும். ஒரு வெள்ளமோ, வீட்டில் ஒரு மரணமோ நேர்ந்தால், அவரிடமிருந்த ரகம் அவரோடு முடிந்துபோம். பத்துக் கிராமங்களில் பத்துப் பேரிடம் இருக்குமாயின், இழந்தவர் மற்றவரிடம் கேட்டுப் பெறலாம்.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய நெல் திருவிழா இதற்குத் தக்க சான்று. அதனை முன்னின்று நடத்திய நெல் ஜெயராமன் ஏறக்குறைய 170 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். விதை வேண்டுவோர்க்கு 2 கிலோ இலவசமாக அளிக்கப்படும். பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். நிபந்தனை இவ்வளவே. திரும்பி வரும் 4 கிலோ இருவருக்குப் போதும். அவ்விருவரும் தந்தால் நால்வருக்குப் போதும். வாங்கிச் சென்றவர் விதைத்து அறுத்தாலன்றித் திருப்பித் தர இயலாதாகையால், காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கண்ணாடிப் புட்டிகளில் காட்சிப்பொருளாய் உறங்காமல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெயராமன் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காலமானார். விதையனைத்தும் அவர் ஒருவர் களஞ்சியத்திலேயே இருந்திருக்குமாயின் அன்றே அவற்றின் கதி கேள்விக்குரியதாகியிருக்கும். அதற்குள் அவை எத்தனையோ பேருடைய நிலங்களில் வேரூன்றியிருந்தன.

அதிக விளைச்சல் ரகங்களையே பயிரிடும் பெரிய மிராசுதாருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கப்படலாம். அவர் விதைக்கும் ரகங்களின் மூலத்தை ஆராய்ந்தால் விடை கிடைக்கும். கோனாமணி என்னும் பழைய நெல்லில் தானாகவே வேறுபட்டுத் தோன்றிய செடியினின்று கோயம்புத்தூரில் தெரிந்தெடுக்கப்பட்டது ஜி.ஈ.பி. 24. அதனைக் கோ 18 உடன் இனங்கலந்து பெறப்பட்டது டி.கே.எம். 6. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தின் பொருட்டு இந்த டி.கே.எம். 6 பின்னர் ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. கோனாமணியை எவரும் பயிரிடாது கைவிட்டிருப்பின் இவ்வரிசை தொடங்கியே இராது.

இக்கூட்டத்தாரிடம் குறைகளும் இல்லாமலில்லை. ஒரே நெல் ஊருக்கொரு பெயரால் வழங்குவதும், வெவ்வேறு நெல் ஒரே பெயரால் வழங்குவதும் உண்டு. ஒவ்வொரு பழைய அரிசியும் ஒவ்வொரு வியாதியைத் தீர்க்குமென்று விளம்பரம் செய்வாரும் மலிந்துவிட்டனர். அது விதைக்கு நற்பெயர் தேடும் வழியன்று. விதைப்புத் தேதி, கதிர் வந்த தேதி, அறுவடைத் தேதி இம்மூன்றையும் எழுதி விதையோடு கொடுத்தலே மேலானது. பக்கத்து ரகத்தினின்று 3 மீட்டர் இடைவெளி விட்டு நடுவதும், பூக்கும்போதும் அறுப்பதற்கு முன்னும் கலப்புச் செடிகளைப் பிடுங்குவதும் இன்றியமையாதன. 100 விதைகளை ஈரச்சாக்கில் முளைகட்டி, 80-க்குக் குறைந்தால் அவ்விதையைப் பிறர்க்கு அளித்தலாகாது. இவ்வளவும் ஒருவருக்கொருவர் கண்காணிப்பாயிருக்கும் கூட்டத்தில் எளிதில் நடக்கும். தனியாளிடம் காலப்போக்கில் தளர்ந்துவிடும்.

விதையைக் கைமாற்றுவது சட்டப்படி செல்லுமா என்று கிராம அதிகாரிகளிடம் சிலர் வினவுவதுண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உழவர் தம் விளைவில் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை அளிக்கின்றது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டுமே விலக்கு. இதனை அறிந்த அதிகாரி, அறுவடை முடிந்த ஒரு நாளில் சாவடித் திண்ணையை இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்து, எவரிடம் எந்த ரகம் உளதென்று ஒரு பட்டியல் எழுதி அங்கேயே ஒட்டிவைக்கலாம். சர்க்காருக்கு ஒரு காசும் செலவில்லை.