வாடகைக்கு விடும் நாம்

பெத்லகேம் சத்திரக்காரரைக் கடிந்துகொள்ளாமல் நமக்குக் கிறிஸ்து பிறப்பு விழா கழிவதில்லை. (நற்செய்தியில் அப்படியொருவர் பேசப்படவே இல்லை, அவரைப் படைத்தவை நம் நாடக மேடைகள்.) குடில் கட்டி முடித்த கையோடு, மாடிப் பகுதியைக் கேட்டு வருபவரிடம் எத்தனை பேர், எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். தெருவைக் கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஒரே திருப்பந்தியில் அமரும் இருவருக்கிடையே நிகழும் உரையாடல் இது.

அடுத்து, பத்து மாத அட்வான்ஸ். தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. ஆயின், வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி என்னும் சொற்களையும் சேர்த்துவிட்டது. வீடின்றி நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மறுப்பார்? வேலி கட்டியவர்களே வாயிலையும் திறந்துவைத்தனர்.

மின்சாரத்தையும் குடிநீரையும் நிறுத்தி வெளியேற்றுவதை அச்சட்டம் தடுக்கிறது. எழுத்து மூலம் முன்னறிவிக்காமல் உரிமையாளர் உள்ளே நுழைவதையும் ஏற்பதில்லை. அடகு வாங்க வந்தவன் வெளியிலேயே நிற்கவேண்டும், கடன்பட்டவனே பொருளை எடுத்துவந்து தருவான் என்று இணைச் சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் விதித்திருப்பதைப் படித்த நமக்கு இது புதிதன்று. ஆயினும் மாற்றுச் சாவியை நம் இடுப்பில்தான் செருகி வைத்திருக்கிறோம்.

இனி, சொல்லத் தயங்கியதையும் சொல்லிவிடுவோம். 1976-இல் தமிழக அரசு ஓர் ஆணையின் வழியே இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமய அறநிலையங்களின் கட்டடங்களுக்கு அன்றைய வாடகைச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. உச்ச நீதிமன்றமும் பின்னர் அதனை ஏற்றது. குறைந்த வாடகையால் அறப்பணிகள் நலிகின்றன என்ற வாதம் பொய்யன்று. அறநிலையக் கடையை அற்ப வாடகைக்கு வைத்துக்கொண்டு வளம் கொழித்தவர்களை நாமும் கண்டிருக்கிறோம். கடைக்குப் பொருந்தும் நியாயம், ஆலயத்தின் பின்புறம் ஒற்றை அறையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த கைம்பெண்ணுக்கும் பொருந்துமா? இன்றைய சட்டத்திலும், அரசு அறிவிக்கும் சமய நிறுவனங்களுக்கு விலக்குண்டு. 1963-இல் வெளியிட்ட 'பாச்செம் இன் தெர்ரிஸ்' சுற்றுமடலில் உறைவிடத்தை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணிய திருத்தந்தை 23-ஆம் அருளப்பர், திருச்சபையின் சொத்துக்கென விலக்கு எதனையும் எழுதவில்லை.

எழுத்து ஒப்பந்தம், மாதந்தோறும் ரசீது, மூன்று மாத முன்பணம். இவற்றை நம் பங்குகளின் குடியிருப்புகளுக்குத் தாமாகவே ஏற்க யார் தடை? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதனை எழுப்பக் கேட்கிறோம். வாடகைக்குக் குடியிருப்போரில் ஒருவரேனும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.