ஒரகடத்துக்கு வந்த கிப்ளிங்கும் ஒரு கைடும்

பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் புத்தகம் மோசம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2019-ல வந்த புத்தகம் அது. ஜேம்ஸ் தர்பர் இருக்கார், சத்யஜித் ரே இருக்கார், ஷெர்லாக் ஹோம்ஸ் இருக்கார், பாய்மரக் கப்பல்ல உலகத்தைச் சுத்தி வந்த நம்ம கடற்படைப் பெண்கள் ஆறு பேரும் இருக்காங்க. இவ்வளவு சரக்கை வச்சுக்கிட்டு ஒரு பதினஞ்சு வயசுப் பையனைக் கொட்டாவி விட வைக்கணும்னா தனித் திறமை வேணும். என் பையன் படிக்கிற தனியார் பள்ளிக்கூடத்துல (பேர் வேணாம்) அந்தத் திறமைக்குக் குறைச்சலே இல்லை.

அங்க பாடம் நடக்கிற அழகைக் கேளுங்க. மிஸ் ஒரு தடவை மடமடன்னு வாசிப்பாங்க. உடனே "கைடை எடு". இது ரெண்டு மார்க், இது அஞ்சு மார்க், இது இம்பார்ட்டன்ட். மறுநாள் டெஸ்ட். பாராகிராஃபை கமா மாறாம எழுதணும், சொந்தமா ரெண்டு வரி எழுதினா மார்க் குறையும். பையன் சொல்றான், "இங்கிலீஷ் பீரியட்தாம்பா தூங்க வசதி". திட்ட மனசு வரலை.

நிற்க. விஷயம் இனிமேதான் இருக்கு.

அதே புத்தகத்துல ருட்யார்ட் கிப்ளிங்கோட மெஷின்களைப் பத்தின கவிதை ஒண்ணு இருக்கு. 1911-ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கான ஒரு சரித்திரப் புத்தகத்துக்காக எழுதினது. (கிப்ளிங் ஒண்ணும் நமக்கு மாமன் மச்சான் இல்லை. வெள்ளைக்கார ஆட்சியைத் தூக்கிப் பிடிச்ச ஆள்தான். அது வேற சண்டை.) கவிதையில மெஷினே பேசுது. சுரங்கத்துல பிறந்த கதையில ஆரம்பிச்சு, ஓட என்னென்ன வேணும்னு கேட்குது. தண்ணி, கரி, எண்ணெய்... கூடவே இடைவெளியா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு.

அந்த இடத்துல நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். எங்க பழைய மெஷினிஸ்டுங்க 'தௌ'ன்னு சொல்றது அதைத்தான். 25 மைக்ரான் சொச்சம், தலைமுடி தடிமன்ல பாதி கூட வராது. அதைத் தாண்டினா பார்ட் ரிஜெக்ட். ஒரகடத்துல பாதி வீட்டுக்கு அந்த முடியளவுதான் சோறு போடுது. அந்த வகுப்புல உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்கள்ல எத்தனை பேரோட அப்பா, அம்மா, அண்ணன் கம்பெனி பஸ் ஏறிப் போறவங்க! அவங்களுக்கு மிஸ் சொல்லிக் கொடுத்தது என்ன? ரைம் ஸ்கீம் ஏபிஏபி. பெர்சானிஃபிகேஷன். முடிஞ்சது.

கவிதையில மெஷின் ஒரு எச்சரிக்கையும் விடுது. தன்கிட்ட அசந்தவனை மன்னிக்கிற பழக்கம் அதுக்குக் கிடையாதாம். 2010-ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில ஒரு இளம்பெண் தொழிலாளி மெஷின்ல சிக்கி இறந்துபோனாங்க. நம்ம ஊர் வகுப்புல இந்தக் கவிதையைப் பத்திப் பேச ஒரு பீரியட் போதுமா? கைடுல அதுக்கு 'தீம்'னு ரெண்டு வரி.

பேரன்ட்ஸ் மீட்டிங்ல இதைத்தான் கேட்டேன். மிஸ் மேல எனக்குக் கோபம் இல்லை. எத்தனை செக்‌ஷன், எத்தனை கட்டு பேப்பர்னு பார்த்தாலே தெரியுது. பிரின்சிபால் சிரிச்சுக்கிட்டே, "சார், பையன் எண்பத்தெட்டு வாங்கியிருக்கான். உங்களுக்கு என்ன குறை?"ன்னார். ஒரு பீரியட் கொடுங்க, மைக்ரோமீட்டரோட நானே வந்து காட்டறேன்னேன். "போர்ஷன் முடியலையே சார்."

எண்பத்தெட்டுதான் குறை சார். பொதுத்தேர்வுல இங்கிலீஷ் 100 மார்க்கும் எழுத்துத்தான், வாயைத் திறக்கறதுக்கு ஒரு மார்க் கிடையாது. புத்தகத்துல ஒவ்வொரு பாடத்துலயும் கேட்கிற பயிற்சி, பேசுற பயிற்சி அச்சடிச்சிருக்கு, தொடுறதே இல்லை. அப்புறம் இங்கிலீஷ்ல தொண்ணூறு வாங்கின டிப்ளமோ பையன் எங்க லைனுக்கு வர்றான். பார்ட் ஏன் ரிஜெக்ட்னு கொரியாக்காரர் கேட்டா, பதில் தெரிஞ்சும் தரையைப் பார்க்கிறான். மெஷின் மேல ஒட்டியிருக்கிற எச்சரிக்கை பாதி இங்கிலீஷ்ல இருக்கு. புரியாட்டியும் தலையாட்டுறான். எனக்கு பயமா இருக்கறது அதுதான்.

இன்னொரு வேடிக்கை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருந்தாகணும். அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதாவது ஃபீஸ் கட்டாத அப்பனுக்குச் சட்டம் நாற்காலி போட்டிருக்கு, கடன் வாங்கிக் கட்டற அப்பனுக்கு ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட ஒரு கோடுதான். 'பிரைவேட் ஸ்கூல்'னு பெருமை பேசுறவங்க கொஞ்சம் யோசிங்க.

இதைச் சொன்னா பக்கத்து வீட்டு சார் என்னையே மடக்குறார். "மார்க் வருதுல்ல, ஏன் வம்பு? பையனைக் குறி வச்சிடுவாங்க." இந்த பயம்தாங்க அவங்களோட முதல். தனியாப் போய்க் கேட்டா வம்பு, பத்து பேரா கேட்டா கோரிக்கை. ரெண்டு விஷயம் எழுதி கையெழுத்து வாங்கிட்டிருக்கேன். வாரத்துல ஒரு பீரியட் கைடு இல்லாம புத்தகத்தை வச்சுப் பேசணும். சொந்தமா எழுதின சரியான பதிலுக்கு மார்க் குறைக்கக் கூடாது. இதுவரைக்கும் ஏழு கையெழுத்து. அதுல அஞ்சு பேர் அம்மாக்கள், ரெண்டு பேர் நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்து போட்டாங்க. அரையாண்டுக்கு முன்னாடி கொடுத்துடலாம்னு இருக்கோம்.