நூலும் நூலும்

படிக்கும் புத்தகத்தையும் நெய்யும் இழையையும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது நம் தமிழ்மொழி. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இந்த ஒற்றுமையை அழகுற விளக்குகிறது. சொற்களைப் பஞ்சுக்கும், அறிவைக் கதிருக்கும், புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கும் அது ஒப்பிடுகிறது. கல்வியின் பெருமை கூற வந்த இலக்கண ஆசிரியர் கண்டெடுத்த உவமை ஒரு நூற்கும் பெண் என்றால், அவள் தொழிலின் மேன்மையைக் கூறவும் வேண்டுமோ!

ஆனால் நாமோ படிப்பையும் நெசவையும் பகையாக்கிவிட்டோம். “படிக்காவிட்டால் தறியில்தான் உட்கார வேண்டும்” என்று பிள்ளைகளை அச்சுறுத்துவோர் நம்மிடையே உளர். தறி என்ன, தண்டனைக் கூடமா?

கடல் கடந்து சற்றே தென் அமெரிக்காவை நோக்குவோம். பெரு நாட்டில் ஹுவாக்கா பிரியெட்டா என்னுமிடத்தில் கிடைத்த பருத்தித் துணிகளில், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நீலச் சாயம் இருப்பதாக 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பிற்காலத்தில் அந்நாட்டை ஆண்ட இன்கா மன்னர்கள் உயர்ந்த துணிகளையே சிறந்த பரிசாக வழங்கினர். அவற்றை நெய்வதற்கென்றே பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நம்மைப் போன்ற எழுத்து முறை இல்லாத அம்மக்கள், ‘கிப்பு’ என்னும் முடிச்சுக் கயிறுகளில் கணக்குகளைப் பதிந்து வைத்தனர். அங்கும் நூலே நூலாயிற்று!

இனி நம் ஊருக்கு வருவோம். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. மணமகன் உடுத்தும் அந்த வெண்பட்டு வேட்டியைக் கண்டு மகிழ்கிறோம். அதன் பின்னே எத்தனை கைகள்! சாயமேற்றுதல், பாவு பிணைத்தல், தார் சுற்றுதல் என நாடா ஓடுமுன்னும் ஓடும்போதும் வீட்டுப் பெண்கள் ஓய்வின்றி உழைக்கின்றனர். இழை அறுந்தால் கண்டுபிடிக்கும் கண்ணும், கரைக்கு இத்தனை இழை என்னும் கணக்கும் ஒரு நாளில் வருபவை அல்ல. 2019-20-ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். ஆயினும் பல வீடுகளில் அவர்கள் உழைப்புக்கு ‘ஒத்தாசை’ என்றே பெயர், தனிக்கூலி இல்லை.

கூலி போதாமையால்தான் பெற்றோர் தம் மக்களைத் தறியிலிருந்து விலக்குகின்றனர் என்பது உண்மையே. அவர்களை நாம் குறை கூறோம். குறை கூலியில் உள்ளது, கலையில் இல்லை. பெண்கள் படிக்கத்தான் வேண்டும். நெசவையும் படிக்கலாமே! இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் நம் சேலத்திலேயே இயங்கி வருகிறதன்றோ?

பெற்றோரே, கைத்தறி முத்திரை கண்டு வாங்குங்கள். நெசவாளரிடம் பேரம் பேசாதீர்கள். தோழியரே, தறியுள்ள வீட்டிலிருந்து வரும் மாணவி அதைச் சொல்லக் கூசாத வகுப்பறையை நாம் உருவாக்குவோம். ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாள். அன்று நம் நெசவாளத் தாய்மார்களைப் பள்ளிக்கு அழைத்து, ஒரு மணி நேரமேனும் அவர்களை ஆசிரியராக அமர்த்திப் பாடம் கேட்போம். அதுவும் நூலறிவே!