மூலப் பிரதியும் வழிப் பிரதிகளும்

அலுவலகம் ஒன்றில் 40 கணிப்பொறிகள் உள்ளன என்று கொள்வோம். அவை யாவற்றையும் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துற்றது. ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, இயங்குதளத்தை நிறுவி, அச்சுப்பொறியை இணைத்து, தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து, கணக்கு எழுதும் மென்பொருளை அமைத்து முடிப்பதற்குள் அரை நாள் கழிந்துவிடும். இத்தொல்லை நீங்க வல்லுநர் கண்ட வழி யாதெனில், ஒரு பொறியை மட்டும் செவ்வனே அமைத்து, அதன் வன்தட்டில் உள்ளதனைத்தையும் ஒரே கோப்பாகப் பிடித்துக்கொண்டு, ஏனைய 39 பொறிகளிலும் அவ்வாறே பதித்துவிடுதலாம். இதனைக் குளோனிங் என்றும், பிடித்த கோப்பினை டிஸ்க் இமேஜ் என்றும் வழங்குவர். யாம் ஈண்டு அதனைத் தட்டுப் பிரதி என்போம்.

இவ்விஷயத்தைப் பற்றி இப்போது எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதுமுதல், பழைய பொறிகளை வைத்திருக்கும் கல்லூரிகளும் அலுவலகங்களும் விண்டோஸ் 11-க்கு மாறும் வேலையில் இறங்கியிருக்கின்றன. வேலை பெரிது, ஆட்கள் சிலர், அவசரமோ மிகுதி. இத்தகைய வேளையிலேதான் தட்டுப் பிரதி தவறான கைகளிற் படுகின்றது.

இம்முறை புதிதன்று. நியூசிலாந்து நாட்டினரான மர்ரி ஹாசார்டு என்பார் 1995-ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு மென்பொருளை இயற்றினார். அதற்கு அமைந்த பெயர் கோஸ்ட், அதாவது பேய். 1998-இல் அதனைச் சிமாண்டெக் நிறுவனம் வாங்கியது. நம் நாட்டுச் சித்தர்களைப் பற்றிக் கூடு விட்டுக் கூடு பாய்ந்தார்கள் என்று கதை சொல்லுவர். அவர்களும் ஒரு வேளைக்கு ஓர் உடலிலேதான் புகுந்தார்கள். இந்தப் பேயோ ஒரே வேளையில் நாற்பது உடல்களிற் புகவல்லது. இந்நாளில், தைவான் நாட்டில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருளும் அதே காரியத்தைச் செய்கின்றது. ஆகவே பணமில்லை என்று எவரும் சாக்குச் சொல்லுதற்கிடமில்லை.

கருவி எளிதிற் கிடைக்கின்றது; பிரதியெடுத்தலும் எளிது. எந்தப் பொறியை மூலமாகக் கொள்வது என்பதே வினா. பனையோலையிலிருந்து ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதுவோன் தன் பிழையைத் தன் ஏட்டில் மட்டுமே புகுத்தினான். ஏடுகள் பிழையால் வேறுபட்டமையாலேயே, பல ஏடுகளை ஒப்புநோக்கி நல்ல பாடத்தைக் காணுதல் பிற்காலத்தார்க்கு இயன்றது. தட்டுப் பிரதியில் பெயர்த்தெழுதுவோன் பிழை இல்லை. மூலத்திலுள்ள பிழையோ நாற்பதிலும் உண்டு. ஒப்புநோக்குதற்கு நல்ல பிரதி ஒன்றேனும் எஞ்சாது. ஆதலின், ஒருவர் கைபட்டுப் புழங்கிய பொறியை மூலமாகக் கொள்ளுதல் எவ்வாற்றானும் தகாது என்பது எமது துணிபு.

யாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், மூத்த எழுத்தர் ஒருவரின் பொறியே குறையின்றி வேலை செய்கின்றது என்று கருதி, அதனின்று பிரதியெடுத்து ஏனையவற்றிற் பதித்தனர். அனைவரும் ஒரே பயனர் பெயரால் உட்புகும் வழக்கம் அங்கே இருந்தது. மறுநாட் காலையில் எந்தப் பொறியைத் திறப்பினும் அவ்வம்மையாரின் மின்னஞ்சல் திறந்துகொண்டது. அவர் சேமித்து வைத்த கடவுச்சொற்களும், மாணவர் மதிப்பெண் பட்டியல்களும், அவர்தம் குடும்பப் புகைப்படங்களுங்கூட எல்லா மேசைகளிலும் கிடந்தன. அவர் எவரையும் கடிந்துகொண்டிலர். நாள் முழுதும் ஒவ்வொரு மேசையாகச் சென்று தம் பொருள்களை அழித்துக்கொண்டிருந்தார். அழித்தனவும் முற்றிலும் அழிந்தன அல்ல. கோப்பை அழித்தால், அதன் இடம் காலி என்று குறிக்கப்படுமேயன்றி, எழுதியது உடனே மறைவதில்லை. பயன்படும் பகுதிகளை மட்டும் பெயர்க்கும் முறையில் பழைய எச்சங்கள் பெரும்பாலும் வாரா. தட்டு முழுவதையும் அப்படியே பெயர்க்கும் முறையிலோ, சென்ற ஆண்டு அழித்த வினாத்தாளும் உடன்வரக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத மற்றொன்றும் உண்டு. விண்டோஸ் நிறுவப்படும்போது ஒவ்வொரு பொறிக்கும் எஸ்.ஐ.டி. எனப்படும் தனியடையாள எண் ஒன்று அமைகின்றது. அப்படியே பிரதியெடுத்தால் 40 பொறிகளுக்கும் அதே எண். இதனைக் களைவதற்கென்றே சிஸ்பிரெப் என்னும் கருவியை மைக்ரோசாப்ட் அளித்திருக்கின்றது. அதனை இயக்காது எடுத்த பிரதிகளுக்கு ஆதரவில்லை என்பதும் அந்நிறுவனத்தின் விதி. எனினும், 2009-இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர், பொறியின் எண் இரட்டித்தலால் தீங்கொன்றும் விளையாது என்று விளக்கி எழுதினார். விதியை மறந்து விளக்கத்தை மட்டும் நினைவிற்கொண்டோர் பலர். பதினாறு ஆண்டுகள் சென்றன. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியிலிருந்து வெளிவந்த திருத்தங்கள் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இவ்வெண்ணைச் சோதிக்கத் தொடங்கின. ஒரே எண்ணுடைய பொறிகள் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. பகிர்ந்த கோப்புறைகள் திறக்கவில்லை. சரியான கடவுச்சொல்லும் செல்லாதாயிற்று. தப்பிவிட்டோம் என்றிருந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

வெறும் பொறியில் மூலத்தை அமைத்துச் சோதிக்க இரண்டு நாள் செல்லுமே, அதற்கு எங்கே அவகாசம் என்பர் சிலர். ஐந்தாறு பொறிகளே உள்ளன எனின் அவர் கூற்றை ஒப்புகின்றோம், கையாலேயே செய்துவிடலாம். நாற்பதாயின் கணக்கு வேறு. 40 ஜிகாபைட் அளவுள்ள பிரதியொன்று, நொடிக்கு ஒரு ஜிகாபிட் செல்லும் கம்பியிற் செல்லக் குறைந்தது ஐந்தரை நிமிடம் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பின் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்; மல்டிகாஸ்ட் முறையில் நாற்பதுக்கும் ஒருங்கே அனுப்பின் அதே ஐந்தரை நிமிடம்தான். நடைமுறையில் இவை சற்றே நீளும் என்பது உண்மை. எவ்வாறாயினும், பிற்பகுதியில் மிச்சமாகும் நாள்களில் இரண்டை முற்பகுதியிற் செலவிடுதல் நட்டமன்று.

பொறிகளே தகுதியுடையனவா என்பதையும் நோக்கவேண்டும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், யூ.இ.எஃப்.ஐ. முறையும், 4 ஜிகாபைட் நினைவகமும் வேண்டும். நேரே நிறுவினால் இவை சோதிக்கப்படும்; பிரதியைப் பதித்தால் அச்சோதனை நிகழாமற் போவதுண்டு. தகுதியற்ற பொறியும் சில மாதம் நன்றாகவே ஓடும். பின்னர்த் திருத்தம் ஒன்று வரும்போதுதான் இடர்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்று. பிரதியைப் பெறும் தட்டில் முன்னிருந்தது அனைத்தும் அழியும். எது மூலம், எது இலக்கு என்று திரை வினவும்போது மாற்றிக் காட்டினால், வெற்றுத் தட்டு நிறைதட்டின்மேற் பதிந்துவிடும். இரவு பத்து மணிக்குக் களைத்த கண்களோடு இவ்வேலையைச் செய்யச் சொல்லுவோர் இதனை நினைவிற்கொள்வாராக.

ஆகவே வருங் கோடை விடுமுறையில் இவ்வேலைக்கெனப் பகற்பொழுதில் ஒரு வாரம் ஒதுக்கித் தருமாறு கல்லூரி நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம். அதற்கு இரு வாரம் முன்னரே அறிவிப்பு வெளியிட்டால், ஆசிரியர்களும் அலுவலர்களும் தத்தம் கோப்புகளை வேறிடத்துப் பெயர்த்துக்கொள்வர். மூலத்தை அமைத்தபின் முதலில் ஒரே ஒரு பொறியிற் பதித்து, அதனை நமது அலுவலக எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு முழு நாள் அவருடைய வழக்கமான வேலையைச் செய்து பார்க்கச் சொல்லவேண்டும். அவர் சரியென்று சொன்ன பிறகு ஏனைய 39 பொறிகளையும் தொடலாம்.